என் ஏலக்காய் மரம்

என் தலையின் மீது ஒரு கை வந்து இறங்கியது. கனமான கை. அது இறங்குவதற்கு முன்பே ஏலக்காய் வாசம் இறங்கிவிட்டது.

"இந்தா, இதத்தான்யா கேட்டேன். இத உருவுங்க" என்றது மேலேயிருந்து ஒரு குரல்.

உருவப்பட்டேன். இரண்டு பக்கமும் இருந்த பையன்கள் முழங்காலைச் சாய்த்து வழிவிட, மூன்றாவது பெஞ்சின் நட்டநடுவிலிருந்து நான் வெளியே எடுக்கப்பட்டு, கரும்பலகைக்குப் பக்கத்தில் மேஜை முன்னால் நிறுத்தப்பட்டேன். மேஜையில் ஒரு வெள்ளைத் தாள். அதன் மேல் சீவிய பென்சில். சுற்றிலும் ஏலக்காய் வியாபாரிகள் மூன்று பேர், தோளில் துண்டுகளுடன். சற்றுத் தள்ளி எங்கள் ஹெட்மாஸ்டர். அங்கே நின்றபோது அவர் முகத்தை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். கல்யாணப் பந்தலில் சாம்பார் அண்டா சாய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெண் வீட்டாருக்கு அந்த முகம் வரும்.

அவர் கவலைக்குக் காரணம் இருந்தது. தேர்ட் பாரத்தில், அதாவது எட்டாம் வகுப்பில், என்னைவிட மோசமாகப் படம் போடுகிறவன் கிடையாது. நான் பசு வரைந்தால் அதைப் பார்த்தவர்கள், நாற்காலி நன்றாக வந்திருக்கிறது என்பார்கள்.

அப்படிப்பட்ட என் கையில், அன்று காலை சுமார் பத்தரை மணிக்கு, எங்கள் பள்ளிக்கூடத்தின் டிராயிங் வகுப்பும் அதை நடத்திய மனிதரின் சாப்பாடும் வந்து சேர்ந்தன. எப்படி வந்தன என்று சொல்கிறேன்.

வேண்டாத பீரியடு

அதற்கு முன், போன வாரத்துப் பாக்கி ஒன்று. சந்தையைப் பற்றி நான் எழுதியதைப் படித்த ராசிங்காபுரத்து வாசகர் ஒருவர், இந்தத் தொடரில் எல்லோரையும் நல்லவர்களாகவே காட்டிக்கொண்டு போகிறேன் என்று குறைப்பட்டிருக்கிறார். இந்த வாரம் ஹெட்மாஸ்டர் வருகிறார். வாசகருக்குத் திருப்தியாக இருக்கும்.

ஐம்பதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். போடியில் அப்போது மின்சார விளக்கு இருந்தது; எரிவது அதன் இஷ்டம். எங்களுடையது ஜில்லா போர்டு பள்ளிக்கூடம். வாரத்தில் இரண்டு பீரியடு டிராயிங். அதற்கென்று ஒரு மாஸ்டர், பெயர் ஞானமுத்து. மதுரைப் பக்கத்துக்காரர். சட்டைப் பையில் எப்போதும் ஏதாவது ஒரு கலர் சாக்பீஸ் உடைந்து கிடக்கும், அதனால் பை மட்டும் தினம் ஒரு நிறத்தில் இருக்கும். திங்கட்கிழமை பச்சை, செவ்வாய் கத்திரிப்பூ. அந்த சாக்பீஸ்களைப் போர்டு கொடுக்கவில்லை. அவரே வாங்கினார்.

அந்த வருஷம் மேலேயிருந்து ஓர் உத்தரவு வந்தது. கையில் பணம் குறைவு. கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் ஆள் வேண்டும். டிராயிங் மாஸ்டர் வேலையை எடுத்துவிடலாம். ஊர்க்காரர்களுக்கு அது அவ்வளவு அவசியம் என்று தோன்றினால் ஊர்க்காரர்களே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளட்டும். பையன்கள் பொம்மை போட்டு என்ன ஆகப்போகிறது என்பதை அதிகாரிகளுக்கே உரிய மரியாதையான நடையில் எழுதியிருந்தார்களாம்.

ஹெட்மாஸ்டருக்குக் கலையின் மீது பெரிய பக்தி ஒன்றும் கிடையாது. பரீட்சை நெருங்கினால் டிராயிங் பீரியடைப் பிடுங்கிக் கணக்குக்குக் கொடுக்கிறவர் அவர்தான். ஆனால் அவருடைய காலஞ்சென்ற தகப்பனாரின் படத்தை ஞானமுத்து மாஸ்டர் சாயங்கால வேளைகளில் எழுதிக்கொண்டிருந்தார். படம் மீசை வரைக்கும் வந்திருந்தது. பெற்ற தகப்பனை மீசையோடு நிறுத்திவிட எந்த மகனுக்கு மனசு வரும்? அவர் டிராயிங் வகுப்பைக் காப்பாற்றக் கிளம்பினார்.

ஞானமுத்து மாஸ்டர் இதையெல்லாம் எங்களிடம் பெரிதாகச் சொல்லவில்லை. ஒரு நாள் வகுப்பில், "எனக்கென்ன, மறுபடி மதுரைக்குப் போயி கடைக்குப் போர்டு எழுதவேண்டியதுதான்" என்றார். பஸ்சுக்குப் பின்னால் பெயர் எழுதுவது, சோடாக் கடைக்குக் கண்ணாடியில் எழுதுவது, இதுதான் அவர் முன்னால் பார்த்த சோலி. வீட்டில் மூன்று பெண் குழந்தைகள் இருந்தார்கள். சொல்லிவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே துடைத்திருந்த இடத்தை மறுபடியும் துடைத்தார்.

அவர் போகக்கூடாது என்று நான் மனதார ஆசைப்பட்டேன். கலைக்காக அல்ல. பள்ளிக்கூடத்திலேயே பிரம்பு இல்லாமல் வருகிற ஒரே வாத்தியார் அவர். என் பசுவைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. நிக்கிதா, படுத்திருக்கா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்பார். கணக்கு வாத்தியார் என் கணக்கை அப்படி ஒரு நாளும் கேட்டதில்லை.

மூக்கு முதலாளி

போடியில் அப்போது நல்ல காரியம் எதற்கும் ஒரு வழி உண்டு. மகமை. கைமாறுகிற ஒவ்வொரு ஏலக்காய் மூட்டைக்கும் இவ்வளவு என்று வியாபாரிகள் ஒதுக்கிவைப்பார்கள். கோயில் விளக்கு, வெயில் காலத்துத் தண்ணீர்ப் பந்தல், தேர்வடம், எல்லாம் அதிலிருந்துதான். அந்தப் பணம் யாருக்கு என்று தீர்மானிக்கிற இடத்தில் தவசி முதலாளி இருந்தார்.

ஊர் அவரை முன்னால் பெரிய முதலாளி என்றும் பின்னால் மூக்கு முதலாளி என்றும் அழைத்தது. இரண்டாவது பெயரிலும் மரியாதைக்குக் குறைவில்லை. ஒரு பிடி ஏலக்காயை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி முகர்ந்தால், எந்தச் சரிவில் காய்த்தது, எந்த ஸ்டோரில் உலர்த்தியது, வருகிற வழியில் நனைந்ததா என்பது வரைக்கும் சொல்வார். என் அப்பா ஏலக்காய்த் தரகர். அவர் வீட்டில் எங்களிடம் பேசிய வார்த்தைகளைவிடத் தவசி முதலாளியின் மூக்கைப் பற்றிப் பேசிய வார்த்தைகள் அதிகம்.

அந்த மூக்குக்கு ஒரு குறை. அது மலை ஏறியதில்லை. வாலிபத்தில் ஒரு தடவை மலையடிவாரத்து முந்தல் தாண்டி இரண்டு வளைவு போனதும் தலைசுற்றி, வண்டியிலிருந்து இறங்கி, நடந்தே ஊர் திரும்பினாராம். அதற்குப் பிறகு மலைதான் அவரிடம் இறங்கி வந்தது, மூட்டை மூட்டையாக.

ஹெட்மாஸ்டர் அவரிடம் போய், கலை என்பது மனிதனை எப்படி உயர்த்துகிறது என்று அரைமணி நேரம் விளக்கினார். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரக்கைப் பார்க்காமல் விலை பேசும் வழக்கம் தங்கள் கடையில் இல்லை, நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

செய்தி அன்று மாலையே அப்பா மூலமாக எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பா எனக்குச் சொன்ன புத்திமதி ஒன்றுதான்.

"முதலாளி வர்ற அன்னைக்கு நீ முன் பெஞ்சிலயும் உக்காராத, பின் பெஞ்சிலயும் உக்காராத. நடுவுல கூட்டத்தோட கூட்டமா இரு. யாரு கண்ணுலயும் படமாட்ட."

தரகராகவே காலம் தள்ளியவர் இப்படி ஒரு யோசனையைச் சொன்னதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

குத்தூசி

முதலாளி வந்த அன்று ஹெட்மாஸ்டர் எல்லாம் தயாராக வைத்திருந்தார். முன் பெஞ்சில் குரங்கணி ராசு. எங்கள் வகுப்பின் ஓவியன். அவன் வரைந்த மைனா, கோயில் கோபுரம், பாதி உரித்த வாழைப்பழம் எல்லாம் மேஜைமேல் பரப்பப்பட்டிருந்தன. வாழைப்பழத்தைப் பார்த்தால் கை தானாக நீளும்.

தவசி முதலாளி ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தார். ஒன்றைப் பழக்கதோஷத்தில் முகர்ந்தும் பார்த்தார். பிறகு அடுக்கி ஒரு ஓரமாக வைத்தார்.

"இதெல்லாம் மூட்டைக்கு மேல கெடக்குறது சார்" என்றார் ஹெட்மாஸ்டரிடம். "மேல கெடக்குறது சரக்கு இல்ல, விக்கிறவரோட மொகம். நல்லாத்தான் இருக்கும். சரக்கு நடுவுல இருக்கு."

மூட்டை வாங்குகிற கடைகளில் குத்தூசி என்று ஒன்று வைத்திருப்பார்கள். குழல் மாதிரி இருக்கும் இரும்பு ஊசி. அதை மூட்டையின் வயிற்றில் செருகி இழுத்தால் நடுவில் இருப்பது ஒரு கைப்பிடி வெளியே வரும். அதைப் பார்த்துத்தான் விலை. வாயைத் திறந்து மேலே இருப்பதை அள்ளிப் பார்த்து வாங்குகிறவனை அந்த வீதியில் யாரும் வியாபாரி என்று சொல்லமாட்டார்கள்.

முதலாளி முன் பெஞ்சைத் தாண்டினார். பின் பெஞ்சுக்குப் போகவில்லை. மூட்டையின் அடியில் தூசி இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. மூன்றாவது பெஞ்சுக்கு வந்தார். நடுவில் பார்த்தார். கை இறங்கியது.

இப்போது நாம் மேஜைக்கு வந்துவிட்டோம்.

"யாரு மகன்?" என்று கேட்டார். அப்பா பெயரைச் சொன்னேன். "அட, நம்ம தரகரு மகனா? அப்ப வேற எதையும் கேக்கவேணாம். ஏலக்கா போடு அப்பு. செடியோட போடு. நம்ம பொழப்பையே போடு, பாப்போம்."

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. வாசகர்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் தலையணை உறைக்கு அடியில்கூட ஏலக்காய் கிடக்கும். அம்மா பாயை உதறினால் நாலு விழும். காயை எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். செடி?

இரண்டு மாதத்துக்கு முன் ஞானமுத்து மாஸ்டர் எங்கள் வகுப்பைக் குரங்கணிக்கு மேலே கூட்டிக்கொண்டு போயிருந்தார். பார்க்காமல் எதையும் வரையக்கூடாது என்பது அவர் கட்சி. சனிக்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பவேண்டும், நடக்கவேண்டும், அட்டை கடிக்கும் என்று கேள்விப்பட்டதும் எனக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார். அன்று மத்தியானம் வயிற்றுவலியோடு நான் எட்டு தோசை சாப்பிட்டதை அவர் கடைசிவரை சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தார்.

ஆகவே எனக்குத் தெரிந்ததைக் கொண்டு யோசித்தேன். காய் என்று இருந்தால் கிளை இருக்கவேண்டும். கிளை இருந்தால் அடிமரம் இருக்கவேண்டும். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கொய்யா மரம் உண்டு. அதை வரைந்தேன். அதன் கிளைகளில் திராட்சை மாதிரி கொத்துக் கொத்தாக ஏலக்காய்களைத் தொங்கவிட்டேன். மூன்று பட்டை, நுனியில் சின்ன மூக்கு, காம்பு வால். காயில் மட்டும் குறை சொல்ல முடியாது. என் வாழ்நாளில் நான் வரைந்து, இன்னதென்று மற்றவர்களுக்குத் தெரிந்த ஒரே பொருள் அது.

முன் பெஞ்சில் ராசு இருமினான். அவன் அப்பா மலையில் எஸ்டேட்டில் இருந்தவர். இருமலில் ஏதோ செய்தி இருக்கிறது என்று புரிந்தது. என்ன செய்தி என்று புரியவில்லை. பதிலுக்கு இன்னும் இரண்டு கொத்து சேர்த்தேன்.

முதலாளி தாளை எடுத்துக் கைநீட்டிப் பிடித்தார். தலையை அப்படியும் இப்படியும் சாய்த்தார்.

"பட்டை தெரியுது. வாலு தெரியுது. நல்ல பருவட்டுக் காயி. நடுச் சரக்கே இப்படின்னா..." என்று கூட வந்த இருவரையும் பார்த்தார். "என்னப்பா?"

அந்த இருவரில் ஒருவர் ஒல்லி, ஒருவர் கண்ணாடி போட்டவர். இரண்டு பேருக்கும் மலையில் சொந்த எஸ்டேட் உண்டு. இரண்டு பேரும் படத்தைப் பார்த்தார்கள். முதலாளியைப் பார்த்தார்கள். "அருமைண்ணே" என்றார் ஒல்லிக்காரர். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

ஹெட்மாஸ்டர் மூச்சு விட்டார். அவர் தகப்பனாருக்குக் கண்டிப்பாகத் தாடையும் கழுத்தும் கிடைத்துவிடும் போலிருந்தது. நான் நின்ற இடத்திலேயே ஒரு சாண் வளர்ந்தேன்.

"தப்புங்க" என்றார் ஞானமுத்து மாஸ்டர்.

அடியிலயும்

அவர் சத்தமாகச் சொல்லவில்லை. தன் சட்டைப் பையைப் பார்த்துச் சொன்னார். ஆனால் வகுப்பில் அவ்வளவு அமைதி.

"எதுய்யா தப்பு?"

"படம் தப்புங்க. ஏலத்துக்குக் கிளை கெடையாது. மஞ்சச் செடி மாதிரி தட்டை தட்டையா வளரும். காய் மேல காய்க்காது. தூர்ல இருந்து சரம் கெளம்பி தரையோட ஓடும். அதுல காய்க்கும். பையன் பாக்காம போட்டுட்டான்."

முதலாளியின் முகம் மாறவில்லை. மூக்கு மட்டும் ஒரு தடவை விரிந்து சுருங்கியது.

"வாத்தியாரே, எனக்கு மீச மொளைக்கிறதுக்கு முன்னாடியே ஏலக்காயத் தொட்டவன் நான்."

"ஆமாங்க."

"தரையிலயா காய்க்குது? கெழங்கு மாதிரி?"

"தரைக்கு மேலதாங்க. ஆனா தரையோட."

முதலாளி திரும்பி அந்த இருவரையும் கேட்டார். "ஏப்பா, ஒங்களுக்கு எஸ்டேட்டு இருக்குல்ல. எங்கய்யா காய்க்குது?"

ஒல்லிக்காரர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். மலை பதில் சொல்லவில்லை. "அடியிலயும் காய்க்கும்ண்ணே" என்றார்.

"அடியிலயுமா?"

"நம்ம எஸ்டேட்டுல அடியிலதான்" என்றார் கண்ணாடிக்காரர். "மத்த எஸ்டேட்டுல எப்படியோ."

இந்த வாக்கியத்துக்கு இணையான ஒன்றை எழுதிவிட வேண்டும் என்று இத்தனை வருஷமாக முயற்சி செய்கிறேன்.

முதலாளி படத்தை நாலாக மடித்தார். இடுப்பு வேட்டியில் செருகினார். கிளம்பிப் போனார். பின்னாலேயே மற்ற இருவரும் ஓடினார்கள்.

அதற்குப் பிறகு ஹெட்மாஸ்டர் பேசினார். ஞானமுத்து மாஸ்டருக்கு நாக்கில் சனி என்றார். கட்டிய பொண்டாட்டி பிள்ளைகளை நினைத்துப் பார்த்தீரா என்றார். பையன் போட்டதை அவர் ஒத்துக்கொண்டார், நடுவில் உமக்கு என்ன வந்தது என்றார். மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ராசுவின் வாழைப்பழத்தை எடுத்துப் பத்திரப்படுத்தினார்.

வீட்டில் அப்பா வேறு மாதிரி. கோபப்படவில்லை. சாப்பிடும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொய்யா மரம்" என்றார் ஒரு தடவை. கொஞ்ச நேரம் கழித்து, "ஏண்டா, தெரியலன்னா ஒரே ஒரு காய மட்டும் போட்டுட்டு வந்திருக்கலாம்ல" என்றார். எவ்வளவு நல்ல யோசனை. நல்ல யோசனைகள் எங்கள் வீட்டில் எப்போதும் ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் வரும்.

எலுமிச்சம்பழமும் ஜீப்பும்

ஒரு வாரம் போயிருக்கும். பள்ளிக்கூட வாசலில் ஒரு ஜீப்பு வந்து நின்றது. முன் சீட்டில் தவசி முதலாளி. தலையைச் சுற்றித் துண்டு, ஒரு கையில் எலுமிச்சம்பழம். மாஸ்டரை ஏறச் சொன்னார். பிறகு, "அந்தத் தரகரு மகனையும் கொண்டாங்க. படம் போட்டது அவன்தான்" என்றார்.

குரங்கணி வரைக்கும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தார். அந்தப் பிரசித்திபெற்ற மூக்கு ஒரு சாதாரண எலுமிச்சையைப் பிடித்துக்கொண்டு தவிப்பதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. நான் பாவப்படும் நிலைமையிலும் இல்லை. பின்னால் உட்கார்ந்து ஜீப்பின் கம்பியைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

குரங்கணியில் இறங்கி, அதற்குமேல் நடை. எஸ்டேட் கங்காணி ஒருவர் வந்து முதலாளியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மலையிலேயே கிடந்து பாதி மலையாளம் ஆகிவிட்டவர். "மெல்ல கேறணும் மொதலாளி, மெல்ல" என்று அவர் சொல்லச் சொல்ல, முதலாளி நாலடிக்கு ஒரு தடவை நின்று, இன்னும் எவ்வளவு என்று கேட்டார். இதோ என்றார் கங்காணி. மலைக்காரர்கள் சொல்லும் "இதோ"வுக்கு நீளம் அதிகம்.

பெரிய மரங்களின் நிழலுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பச்சையாகிவிட்டது. இரண்டு ஆள் உயரத்துக்குத் தட்டைகள், மேலே ஈரம் சொட்டும் நீள இலைகள். முதலாளி அண்ணாந்து பார்த்தார். மேலே ஒன்றும் இல்லை. நானும் அண்ணாந்து பார்த்தேன். எங்கள் இருவருக்கும் ஒரே இடத்தில்தான் தேடத் தோன்றியது.

ஞானமுத்து மாஸ்டர் ஒரு தூரின் பக்கத்தில் குனிந்து சருகை விலக்கினார். முதலாளியால் குனிய முடியவில்லை. வயிறு இடம் கொடுக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். பிறகு வெள்ளை வேட்டியோடு அந்த ஈரமண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தூரிலிருந்து மெல்லிய சரங்கள் கிளம்பித் தரையோடு படர்ந்திருந்தன. அவற்றில் பச்சைக் காய்கள். இடையிடையே வெள்ளைப் பூ, நடுவில் கத்திரிப்பூ நிறத்தில் கோடுகள், யாரோ பென்சிலால் இழுத்தது போல. முதலாளி தொட்டுப் பார்த்தார். பறிக்கவில்லை. பிறகு ஒரு பிடி மண்ணையும் சருகையும் சேர்த்து அள்ளி, கண்ணை மூடி முகர்ந்தார்.

"மழைக்கு அப்புறம் வர்ற லோடுல இந்த வாசம் இருக்கும்யா" என்றார் மெதுவாக. "இத்தன வருசமா சாக்கு வாசம்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்."

அட்டை ஒன்று அவர் கணுக்காலில் ஏறிக்கொண்டிருந்தது. கங்காணி அதைச் சுண்டிவிட்டார்.

"ஏன் அப்பு, நீ எங்க பாத்துப் போட்ட?" என்று என்னைக் கேட்டார்.

"பாக்கலீங்க. அன்னைக்கு வயித்துவலிங்க."

"எனக்குத் தலசுத்தல்" என்றார் முதலாளி. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த தோழமையை நான் மறக்கவில்லை. பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு வாத்தியாரே. நாந்தான் சரின்னுட்டேன்ல. பேசாம இருந்திருந்தா ஒன் சோலி நெலச்சிருக்கும். ஏன்யா வாயத் தொறந்த?"

மாஸ்டர் உண்மையாகவே யோசித்தார். பெரிய பதில் வரப்போகிறது என்று நான் எதிர்பார்த்தேன்.

"படம் தப்பா இருந்துச்சுங்க" என்றார்.

முதலாளி சிரிக்க ஆரம்பித்தார். மண்ணில் உட்கார்ந்தபடியே வயிறு குலுங்கச் சிரித்தார். "நம்ம வீதியில தன் மூட்டைய தானே சொத்தைன்னு சொன்னவன் ஒருத்தனக் காட்டுய்யா. எங்கப்பா காலத்துல இருந்து பாக்குறேன், ஒருத்தன் சொன்னதில்ல." கங்காணியும் மாஸ்டரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். சேறு போகவில்லை. "ஒன் சம்பளம் மகமையில இருந்து வரும். சாக்பீசு, காயிதம், எல்லாந்தான். வெரசா கீழ கொண்டுபோயி விடு, எனக்குத் தல சுத்துது."

படம் மாட்டிய இடம்

அந்த வருஷமும் அடுத்த வருஷமும் எங்கள் டிராயிங் வகுப்பு ஏலக்காய் வாசத்தில் நடந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை வகுப்பு முழுவதையும் மலைக்குக் கூட்டிப்போக ஜீப்பு வரும். இரண்டு நடை அடிக்கும். அந்த நாளில் எனக்கு வயிற்றுவலி வராமல் அப்பா பார்த்துக்கொண்டார். ராசு பெரிய ஓவியனாக வருவான் என்று எல்லோரும் நினைத்தோம். அவன் தபாலாபீசில் சேர்ந்தான். அவன் எழுதும் முகவரியைப் பார்த்தாலே உறையைப் பிரிக்க மனம் வராது. ஹெட்மாஸ்டரின் தகப்பனார் முழு உருவமும் பெற்றார். அந்த மீசையை மட்டும் ஹெட்மாஸ்டர் நாலு தடவை திருத்தச் சொன்னார்.

என் படம் என்ன ஆயிற்று?

அதை முதலாளி கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் கடையில், தான் உட்காரும் இடத்துக்கு நேர் பின்னால் மாட்டிவிட்டார். நாலாக மடித்த கோடுகள் சிலுவை மாதிரி தெரிய, என் கொய்யா மரம் ஏலக்காயைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. சரக்கு விற்க வருகிறவர்கள் முதலாளியைப் பார்த்தால் படத்தையும் பார்த்தாகவேண்டும். படம் எப்படி என்று அவர் சாதாரணமாகக் கேட்பார். பிரமாதம் என்றவர்களின் மூட்டையில் குத்தூசி இரண்டு தடவை இறங்கும். தயக்கத்தோடு, "மொதலாளி, காய் இப்படி..." என்று ஆரம்பிக்கிறவர்களுக்குக் காப்பி வரும்.

அப்பா அந்தக் கடைக்குத் தினமும் போகிறவர். அவர் படத்தைப் பற்றி ஒரு நாளும் ஒன்றும் சொல்லவில்லை. பெற்ற பாசம் ஒரு பக்கம், தரகு ஒரு பக்கம். மனிதர் பாவம், வாழ்நாள் முழுவதும் அந்தச் சுவரைப் பார்க்காமல் விலை பேசினார்.

அடுத்த வருஷ முடிவில் போர்டிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பள்ளிக்கூடங்களைப் பார்த்துவிட்டு, ஊர்ப் பெரிய மனிதர் என்று தவசி முதலாளியையும் பார்க்கக் கடைக்கு வந்தார். டிராயிங் மாஸ்டர் வேலையை மறுபடி போர்டே ஏற்கவேண்டும் என்று ஹெட்மாஸ்டர் கேட்டிருந்தார். எத்தனை நாள் மகமையில் ஓட்டுவது? அதிகாரிக்கு விருப்பமில்லை. ஊரே கொடுக்கும்போது போர்டு எதற்கு என்ற கட்சி. நான் அப்போது அப்பாவுக்குக் குடை கொண்டுவந்து கொடுக்கும் சாக்கில் கடையில் நின்றிருந்தேன்.

அதிகாரி காப்பியைக் கையில் எடுத்தார். நிமிர்ந்தார். படத்தைப் பார்த்தார். எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

"அடடா" என்றார். "இந்த மண்ணோட வளம் அப்படியே கண்ணு முன்னால நிக்குது. காயோட பாரம் தாங்காம கிளை வளையறதப் பாருங்க. நேர்ல போய் உக்காந்து வரைஞ்ச மாதிரியே இருக்கு."

அப்பா குடையைத் திறந்து, மூடினார். தவசி முதலாளி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"சார்," என்றார் மிகுந்த மரியாதையோடு, "இதுக்குத்தான் ஊருக்கு ஒரு டிராயிங் வாத்தியார் வேணும்னு கேக்குறோம்."

சாயங்காலம் அதிகாரியை ஜீப்பில் ஏற்றிக் குரங்கணிக்கு அனுப்பிவைத்தார் என்று அப்பா சொன்னார். மேலே என்ன நடந்தது என்று தெரியாது. அடுத்த ஜூன் மாதம் ஞானமுத்து மாஸ்டருக்குப் போர்டுச் சம்பளம் வந்தது. சாக்பீஸும் வந்தது, வெள்ளை மட்டும்.

நான் அதன் பிறகு படம் வரைவதை நிறுத்திக்கொண்டு எழுத வந்துவிட்டேன். எழுத்தில் காய் எங்கே காய்த்தாலும் யாரும் ஜீப்பு எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பதில்லை. பாராட்டுகிறவர்களும் அவ்வப்போது உண்டு. ஆனால் காப்பியை ஆறவிட்டு, எழுந்து நின்று, மனதாரப் பாராட்டிய மனிதர் இதுவரை அந்த அதிகாரி ஒருவர்தான்.